பரனூருக்கு அடுத்த ஊர்

செங்கல்பட்டு
14-6-1998

அன்புள்ள தங்கை அமிர்தவல்லிக்கு,

உன் அக்கா ஜெகதாம்பாள் எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். பிலாயில் நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? வெயில் காலத்தில் உனக்கு வரும் தலைவலி இந்த வருடம் எப்படி இருக்கிறது?

"டீச்சர், முப்பது வருசம் பசங்களோட கத்தினது போதாதா? இந்த வயசுல எதுக்கு உங்களுக்குப் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்?" என்று போன வாரம் ஒருவர் என்னைக் கேட்டார். கேட்டவர் பெயர் செல்வராஜ். இங்குள்ள சில தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து பஸ் நிலையத்தில் ஒரு டைம் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். அதற்கு அவர் செயலாளர். எந்தப் பஸ் எங்கே போகிறது, எப்போது கிளம்புகிறது என்று மைக்கில் சொல்ல ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்தேன். போய் உட்கார்ந்துவிட்டேன்.

"வீட்டில் இரைச்சல் இல்லை, அதனால்தான் வந்தேன்" என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அமிர்தம். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் வருடக்கணக்காகக் குடியிருந்தவனை நினைத்துப் பார். ஆலை ஓடும்போது நன்றாகத் தூங்குவான். ஆலை நின்ற அன்றுதான் அவனுக்கு விழிப்பு வரும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. மணி அடிக்காத வீட்டில் காலை எது, மதியம் எது என்றே தெரிவதில்லை.

என்னோடு இரண்டு இளம்பெண்கள் வந்திருந்தார்கள். குயில் மாதிரிக் குரல். ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து மைக்கில் வாசிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது. "கொஞ்சம் இருங்க டீச்சர்" என்றார் செல்வராஜ். எதற்கு இருக்க வேண்டும்? எழுந்து வாசலுக்கு வந்து, மைக் இல்லாமலே, "படாளம், மதுராந்தகம் செல்லும் பஸ் இரண்டாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்றேன். அப்படி ஒரு பஸ் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் நிலையத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு குடும்பம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது!

வேலை எனக்குத்தான். ஆறு மாதம் சோதனைக் காலம், பிறகு நிரந்தரம். உன் மாமாவிடம் சொன்னேன். "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் மாலையில் பார்த்தால், அறுந்து கிடந்த என் செருப்பைத் தைத்து வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தார்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அக்கா

~

பிலாய்
29-6-1998

அன்புள்ள அக்காவுக்கு,

அமிர்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தலைவலி மழை பெய்ததும் போய்விட்டது. உன் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா பேசினா பஸ் தானாவே ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். உன் பஸ்கள் தாம்பரம் பக்கமும் போகின்றன அல்லவா? பரனூர் தாண்டியதும் என்ன ஊர் வருகிறது? சிங்கப்பெருமாள் கோயில். மாமாவின் பெயர் என்ன? சிங்கப்பெருமாள். நான் தாராளமாக எழுதலாம், சொல்லலாம். நீ என்ன செய்யப் போகிறாய்?

தாலி ஏறிய நாளிலிருந்து மாமாவின் பெயரை நீ சொல்லி நான் கேட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா சொன்னதை நீ கணக்கு டீச்சர் ஆன பிறகும் விடவில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் தாளில் எழுதிக் காட்டுவாய். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பு அந்தக் கோயிலுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கண்டக்டர் "எங்கம்மா போவணும்?" என்றதற்கு, "பரனூருக்கு அந்தப் பக்கம், மறைமலை நகருக்கு இந்தப் பக்கம்" என்றாய். அந்த ஆள் பாவம், "நடுவுல எறக்கி வுட்டா நடந்துக்குவீங்களா?" என்று கேட்டார்!

அப்போது ஒரு கண்டக்டர். இப்போது ஒரு பஸ் நிலையம். உடனே பதில் எழுது. சிரிக்கக் காத்திருக்கிறேன்.

உன்
அமிர்தம்

~

செங்கல்பட்டு
20-7-1998

அன்புள்ள அமிர்தத்துக்கு,

அக்காவின் ஆசிகள். இருவரும் சுகமே. உன் மாமா இப்போது காலையில் வெளியே போனால் மதியம்தான் வருகிறார். நூலகத்தில் பேப்பர் படிக்கிறாராம்.

நீ சிரிக்கக் காத்திருந்தது வீண். முதல் நாளே வழி கண்டுபிடித்துவிட்டேன். "பரனூர், நரசிம்மர் கோயில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி வழியாகத் தாம்பரம்." எப்படி? அந்த ஊரில் இருப்பது நரசிம்மர்தானே!

வேலை எனக்குப் பழகிவிட்டது. வேலைக்கும் நான் பழகிவிட்டேன். முதல் வாரம் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். சதுரங்கப்பட்டினம் பஸ்ஸில் கூட்டம் முண்டியடித்தது. என்னை அறியாமல், "வரிசை! குள்ளமானவர்கள் முன்னால்!" என்று மைக்கில் சொல்லிவிட்டேன்.  நம்பினால் நம்பு, வரிசையாக ஏறினார்கள். தேசப்பன் என்று ஒரு கண்டக்டர், வாய்த்துடுக்கான ஆள். ஜன்னலில் தலையை நீட்டி, "டீச்சரம்மா, நான் உசரம். கடைசி பெஞ்சுக்குப் போவட்டுமா?" என்றான். இப்போது மாமல்லபுரம் வண்டி, கல்பாக்கம் வண்டி என்று எந்த வண்டிக்காரர் என்றாலும், கிளம்பும் முன் என் ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் போகிறார்.

"கணக்கு டீச்சர் இதை எல்லாம் நம்பலாமா" என்று நீ கேட்காமல் கேட்டிருக்கிறாய். நம்பவில்லை, அமிர்தம். நிரூபிக்க முடியாத எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு பாலம் தாங்குமா தாங்காதா என்று பார்க்க, எடைக்கல்லை ஏற்றிப் பார்க்கலாம். வீட்டில் இருக்கிற ஒரே மனிதரை ஏற்றிப் பார்க்க முடியுமா?

அன்புடன்,
அக்கா

~

பிலாய்
8-8-1998

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அவசரமாக நாலே வரி.

நரசிம்மர் கோயில் என்றால் எந்த நரசிம்மர்? காஞ்சிபுரம் போகிற வழியில் பழைய சீவரத்திலும் அவர்தானே இருக்கிறார்? அந்தப் பக்கமும் உங்கள் நிலையத்திலிருந்துதானே பஸ்? இங்கே இருக்கிற எனக்கே குழம்புகிறது. யாராவது ஏமாந்து ஏறிவிடப் போகிறார்கள். பார்த்துக்கொள்.

உன்
அமிர்தம்

~

செங்கல்பட்டு
25-8-1998

அன்புள்ள அமிர்தத்துக்கு,

அக்காவின் ஆசிகள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுதான் கொஞ்சம் சரியில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே நீ பயந்தது நடந்துவிட்டது. சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து சம்பூர்ணம் என்ற பெண், பேத்திக்குக் காது குத்துவதற்காகக் குடும்பத்தோடு பழைய சீவரத்துக்குக் கிளம்பி வந்திருக்கிறாள். தாய்மாமன், பூ, பழம், தோடு எல்லாம் தயார். இங்கே இறங்கி நிற்கும்போது என் குரல் கேட்கிறது: "நரசிம்மர் கோயில் வழியாகத் தாம்பரம்." ஏறிவிட்டார்கள். இறங்கிய பிறகுதான் இது வேறு நரசிம்மர் என்று தெரிந்திருக்கிறது. திரும்பி வந்து சீவரம் வண்டி பிடிப்பதற்குள் நல்ல நேரம் போய்விட்டது.

நேரே என் ஜன்னலுக்கு வந்தாள்.

"இன்னாம்மா நீ? டீச்சராமே! மைக்ல சொல்றியேன்னு நம்பி ஏறினா எங்கியோ கொண்டாந்து வுட்டுட்டான். கொழந்த பசியில அழுதுகினு கீது. அந்த ஊருக்கு அதான் பேரா? போர்டுல அப்பிடியா எழுதிக்கீது?"

நான் தலையைக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற தேசப்பன்தான், "யக்கா, டீச்சரம்மா வூட்டுக்காரர் பேரும் அந்த ஊரு பேரும் ஒண்ணுதான். சொல்ல மாட்டாங்க" என்று போட்டு உடைத்தான்.

சம்பூர்ணம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அட பேஜாரே! என் புருசன் பேர நான் மட்டும் சொல்றனா? ஆனா நான் மைக்குல ஒக்காரல" என்றாள். 

செல்வராஜ் மரியாதையாகத்தான் சொன்னார். "போர்டுல என்னா இருக்குதோ அதை அப்படியே சொல்லணும் டீச்சர். முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கிறேன்."

மறுநாள் தாம்பரம் வண்டி வந்தது. "பரனூர்..." என்றேன். அடுத்து நாக்கு நின்றுவிட்டது. மைக் திறந்திருக்கிறது. நிலையமே காத்திருக்கிறது. சட்டென்று தேசப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, அந்தப் பெயரை உரக்கக் கத்தினான். நான் "...மறைமலை நகர், கூடுவாஞ்சேரி" என்று தொடர்ந்தேன். ஒரே சிரிப்பு.

அது பழக்கமாகிவிட்டது. இப்போது நான் பரனூர் என்று நிறுத்தினால் போதும். ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள், காய்கறிக்காரிகள், டீக்கடை மாஸ்டர் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெயரைக் கூவுகிறார்கள். (நான் எழுத மாட்டேன், நீயே நிரப்பிக்கொள்.) வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி ஒரே குரல். செல்வராஜுக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. "முதலாளிங்க ஒரு நாள் வருவாங்க டீச்சர். அன்னிக்கும் கோரஸ்தானா?" என்கிறார்.

இதை உன் மாமாவிடம் சொல்லவில்லை. நீயும் எழுதாதே.

அன்புடன்,
அக்கா

~

செங்கல்பட்டு
9-10-1998
மதியம்

அன்புள்ள அமிர்தத்துக்கு,

அக்காவின் ஆசிகள். "ஒரே ஒரு தடவை சொல்லித்தான் பாரேன்" என்ற உன் செப்டம்பர் கடிதம் கிடைத்தது. தீபாவளிப் புடவை எடுத்துவிட்டாயா?

சொல்லிவிட்டேன்.

இன்று காலை முதலாளிகள் நாலைந்து பேர் வந்து டைம் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். செல்வராஜ் கூட்டத்தைப் பார்த்து வாயில் விரலை வைத்துக்காட்டிவிட்டார். யாரும் கூவவில்லை. பரனூர் என்றேன். எத்தனையோ பிள்ளைகளை மேடையில் ஏற்றி, "பயப்படாதே, முதல் வார்த்தை மட்டும் சொல், மற்றது தானாக வரும்" என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வந்தது. முழுதாக, போர்டில் இருப்பது போலவே வந்தது. குரல் நடுங்கவில்லை, அமிர்தம். அது எனக்குப் பெருமை.

தேசப்பன் விசில் அடித்தான். முதலாளிகளில் ஒருவர், "இந்தம்மா குரல் நம்ம எல்லா வண்டி ஹாரனையும் சாப்ட்ரும்" என்றார். டிசம்பரில் நிரந்தரம் என்று செல்வராஜ் காதோடு சொன்னார்.

இதை வேலை இடைவேளையில் எழுதுகிறேன். மாலைத் தபாலில் சேர்த்துவிடுவேன். வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்புடன்,
அக்கா

~

பிலாய்
22-11-1998

அன்புள்ள அக்காவுக்கு,

அமிர்தத்தின் வணக்கம். நாங்கள் நலம். நீங்கள்?

"சொல்லிவிட்டேன்" என்று எழுதினாய். துள்ளிக் குதித்து அன்றே பதில் போட்டேன். பதில் இல்லை. தீபாவளி வாழ்த்துக்கும் இல்லை. உன் வாழ்த்து வராத தீபாவளி எனக்கு இதுதான் முதல். பக்கத்து வீட்டு போனில் டைம் ஆபீசுக்குப் பேசினேன். யாரோ ஒரு பெண், "டீச்சர் லீவு" என்று வைத்துவிட்டாள்.

மைக்கில் ஊருக்கெல்லாம் சொல்கிறாய். எனக்கு ஒரு கார்டு போடக் கூடாதா?

உன்
அமிர்தம்

~

செங்கல்பட்டு
10-12-1998

அன்புள்ள அமிர்தத்துக்கு,

சுகம். கடிதம் எழுதாததற்குக் கோபிக்காதே. மழை அதிகம். கொளவாய் ஏரி நிரம்பி வழிகிறது.

உன் மாமாவுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்படுகிறது. நான் லீவு போட்டிருக்கிறேன். பிரதீபா என்று ஒரு பெண் மைக்கைப் பார்த்துக்கொள்கிறாள், நல்ல பெண். மாசி பிறக்கும் வரை எனக்காக இடத்தை வைத்திருப்பதாகச் செல்வராஜ் வீட்டுக்கே வந்து சொன்னார். வேண்டாம், அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். வீட்டிலும் வேலை இருக்கிறது.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

~

பிலாய்
4-1-1999

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

அமிர்தம் நமஸ்காரங்களுடன் எழுதுகிறேன். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தவறாக நினைக்க வேண்டாம்.

அக்காவின் கடிதத்தில் ஒரு உதாரணம்கூட இல்லை. அரிசி ஆலை இல்லை, பாலம் இல்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. உங்களுக்கு உடம்புக்கு என்ன? அவள் ஏன் வேலையை விடுகிறாள்? உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அன்புள்ள
அமிர்தம்

~

செங்கல்பட்டு
19-1-1999

சௌபாக்கியவதி அமிர்தவல்லிக்கு,

சிங்கப்பெருமாள் ஆசீர்வதித்து எழுதுவது. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் பொங்கல் வாழ்த்து. கல்பாக்கத்தில் நான் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன். கோடு நேராக வரும். கடிதம் எப்படி வருமோ தெரியாது.

அக்டோபர் ஒன்பதாம் தேதி மாலை எனக்கு மார்பு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் நடக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் உன் அக்கா பயந்துவிட்டாள். காலையில் அவள் மைக்கில் என் பெயரைச் சொன்னாள், மாலையில் நான் விழுந்தேன். இரண்டையும் சேர்த்துக்கொண்டாள். என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிக் கிடந்தபோது, "இனிமே சொல்ல மாட்டேன், சொல்லவே மாட்டேன்" என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்டேன். தூங்குவது போல இருந்துவிட்டேன்.

நீ அறிய வேண்டியது இரண்டு இருக்கிறது.

நான் நூலகத்துக்குப் போகவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பஸ் நிலையத்தில், பழக்கடைக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அவளுக்கு நான் தெரிய மாட்டேன். எனக்கு அவள் குரல் நன்றாகக் கேட்கும். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய குரலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும்தான் முழுதாகக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அவள் பேசுவது வேறு குரல். ஊரே சேர்ந்து என் பெயரைக் கூவியபோது எனக்கு வெட்கம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர், "இன்னா சார், தனியா சிரிச்சிகினு கீறீங்க?" என்றார். "பஸ் வருது" என்றேன்.

ஒன்பதாம் தேதி அவளே சொன்னாள். என் பெயர் அவ்வளவு நீளமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஜிலேபி வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், வெயிலில் வேகமாக நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்ததுதான் முக்கியம். அந்த வலி எனக்குப் புதிது இல்லை. மே மாதம் நண்பர் ஒருவரின் பணி ஓய்வு விருந்துக்கு மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரை மணலில் நடக்கும்போது அதே இடத்தில், அதே மாதிரி வந்தது. சோடா குடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது உன் அக்கா கண்ணாடி முன்னால் நின்று விளம்பரத்தை உரக்க வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றதிலிருந்து அவள் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. என் வலியைச் சொன்னால் அவள் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டாள்.

இதை நான் சொன்னால், தன்னைச் சமாதானம் செய்ய நான் கட்டிய கதை என்பாள். நீ சொன்னால் நம்புவாள். மாசி பிறக்க நாள் அதிகம் இல்லை. சொல்லிவிடு.

இங்ஙனம்,
சிங்கப்பெருமாள்

~

செங்கல்பட்டு
7-3-1999

அன்புள்ள அமிர்தத்துக்கு,

அக்காவின் ஆசிகள். நான் சுகம். உன் மாமாவும் சுகம். இந்த முறை மெய்யாகவே சுகம். டாக்டரிடம் நானே போய்க் கேட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். நின்றபடியே படித்தேன். மே மாதம் என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டாம் முறை படித்தேன். கூடத்தில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? காப்பி அடித்த பையன், பரீட்சை முடிந்து மாதக்கணக்கில் எதிரிலேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"சிங்கப்பெருமாள்!" என்று கூப்பிட்டேன்.

யோசித்துக் கூப்பிடவில்லை. எட்டாம் வகுப்பில் கூப்பிடும் குரல் அது. பேப்பர் கீழே விழுந்தது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். கையைக்கூடக் கட்டிக்கொண்டார், அமிர்தம்!

"மே மாசமே வலிச்சுதா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ இன்டர்வியூவுக்குப் போவமாட்டே."

"மாட்டேன்தான்!"

"அதான் சொல்லல."

 அவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார். பிறகு மெல்ல, "ஒக்காரலாமா, டீச்சர்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. அவர் உட்கார்ந்து, பேப்பரை எடுத்து, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ கூப்பிடு" என்றார். "எதுக்கு?" என்றேன். "பஸ் ஸ்டாண்டுல எனக்கு நாலு பேரோட சேர்ந்துதான் கேட்டுது" என்றார்.

வலி மே மாதம் வந்தது. நான் பெயரைச் சொன்னது அக்டோபரில். கேள்வி கேட்கும் முன்பே விடை வந்துவிடுமா? இதை ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், கணக்கு சரியாக வந்த பிறகும் பயம் முழுதாகப் போகவில்லை. மைக் முன்னால் மறுபடி உட்கார்ந்த அன்று, முதலில் அவர் எங்கே என்றுதான் தேடினேன். அவர் இந்த முறை பழக்கடைக்குப் பின்னால் ஒளியவில்லை. என் ஜன்னலுக்கு நேர் எதிரே, வெயிலில், குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தாம்பரம் வண்டி வந்து நின்றது. "பரனூர்" என்றேன். நான் இல்லாத மாதங்களிலும் கூட்டம் எதையும் மறக்கவில்லை. மூச்சை இழுத்துத் தயாராக நின்றார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன்: "சிங்கப்பெருமாள் கோயில்!" அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் குடையைக் கொஞ்சம் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, எங்க வேலைய நீ புடுங்கிக்கினே?" என்று தேசப்பன் கத்தினான்.

"உனக்கு வேறு வேலை இருக்கிறது. படியில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற்று" என்றேன், மைக்கிலேயே.

நிரந்தர வேலைக்கான உத்தரவு நேற்று கைக்கு வந்தது. பிரதீபாவுக்கு மாலை நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசுகிறோம். உன் மாமா தினமும் வருவதில்லை, டாக்டர் வெயில் வேண்டாம் என்கிறார். ஆனால் நான் வீடு திரும்பியதும், "இன்னிக்கு எத்தன தாம்பரம் வண்டி?" என்று கேட்கத் தவறுவதில்லை. எண்ணிக்கை அதிகமாக இருந்தால் அவருக்கு அன்று நல்ல பசி.

ஒன்றே ஒன்று. உன் கடிதம் முழுக்க "எங்கள் வீட்டுக்காரர்", "எங்கள் வீட்டுக்காரர்" என்றே இருக்கிறது. மாப்பிள்ளையின் பெயர் லட்சுமணன். அழகான பெயர். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும், அடுத்த அறையில் இருக்கிற அவரை, காரியம் எதுவும் இல்லாமல், பெயர் சொல்லி ஒரு முறை கூப்பிட்டுப் பார்.

அன்புடன்,
அக்கா